இரண்டாம் முறை கேட்காத அக்கா

விருத்தாசலத்தில் ஜங்ஷன் பக்கம் நாங்கள் குடிபோன அன்று, சாமான்களை இறக்கி வைத்த களைப்போடு மாடி வீட்டுக்குத் தண்ணீர் கேட்கப் போனேன். அங்கிருந்த அக்கா செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். புது இடம், முதல் நாள். யாராக இருந்தாலும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

"வேணாங்க்கா, பரவாயில்ல."

"சரிம்மா" என்று சொல்லி எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

அவ்வளவுதான். அடுப்பில் இஞ்சி தட்டிப் போட்ட டீ கொதிக்கும் வாசனை கூடம் முழுக்க வந்துகொண்டிருந்தது. ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, வேலைக்குப் போகிறீர்களா என்றெல்லாம் நிதானமாக விசாரித்தார். இடையில் எழுந்து போய்த் தனக்கு மட்டும் ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து குடித்தார். அவர் முகத்தில் துளி சங்கடம் கிடையாது. எனக்குத்தான் உயிர் போனது. கீழே வந்து கணவரிடம், "மேல இருக்கறவங்க கொஞ்சம் கெட்டியான ஆளு போல இருக்குது" என்றேன்.

கெட்டியெல்லாம் இல்லை. மறுநாள் அதே நேரத்துக்குப் போனேன். அதே கேள்வி வந்தது. "குடிக்கிறேன்கா" என்றேன். டம்ளர் நிறைய டீயும், தட்டில் பிஸ்கட்டும், அன்றைக்குச் செய்த பணியாரமும் வந்தன. அன்றிலிருந்து அந்த வீட்டில் வேண்டும் என்றால் வேண்டும் என்றே சொல்லப் பழகினேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கோபிக்க மாட்டார். "எதுக்கும்மா?" என்று ஒரு தடவை கேட்பார், அதோடு விட்டுவிடுவார். கணவர் சவுதியில். ஒரே பெண், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். என் கணவருக்கு ரயில்வேயில் வேலை, பாதி நாள் வெளியூர். எனக்குச் செராமிக் யூனிட் ஒன்றில் பில் போடும் வேலை. ஆகவே என் மகள் யாழினி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மாடிக்குத்தான் போவாள். அவளுக்கு அவர் மாடிப் பெரிம்மா.

யாழினி சாப்பிடமாட்டாள். இதை ஒரு வரியில் எழுதிவிட முடிகிறது. அந்த வயதில் எங்கள் வீட்டின் காலை, மதியம், இரவு எல்லாமே இதுதான். சோறும் குழம்பும் ஒன்றையொன்று தொட்டால் தட்டைத் தள்ளிவிடுவாள். கடுகு தெரிந்தால் "கருப்பு கருப்பா இருக்குது" என்பாள். இட்லி ஆறியிருக்க வேண்டும், சட்னி பக்கத்தில்கூட வரக்கூடாது. மூன்று அறை வைத்த ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. அதில் வைத்தால் மட்டும் ஏதோ கொஞ்சம் உள்ளே போகும். டாக்டர், "எடை கம்மி, மத்தபடி ஒண்ணுமில்ல" என்றார். என் கணவர், "ஒரு நாள் பட்டினி போடு, தானா சாப்புடுவா" என்றார். நான் கதை சொல்லி, கெஞ்சி, மிரட்டி, செல்போனைக் காட்டி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா ஒரு நாளும் அவளிடம் "ஏன் சாப்புடல?" என்று கேட்டதில்லை. "இது வேணுமா?" என்பார். வேண்டாம் என்றால் எடுத்து உள்ளே வைத்துவிடுவார். தெருவில் காய்கறிக்காரர் "நல்ல கத்திரிக்காக்கா, எடுத்துக்குங்க" என்று வண்டியை நிறுத்தினாலும் வேண்டுமென்றால் வாங்குவார், வேண்டாமென்றால் "வேணாங்க" என்பார். அந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் அவருக்கு அதன் பொருள் ஒன்றுதான்.

யாழினி இரண்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியின் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் வீராணம் ஏரிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்கள். முந்தின வருஷம் நிறைய டப்பாக்கள் தொலைந்து பெற்றோர்கள் சண்டைக்கு வந்ததால், இந்த முறை யாரும் டப்பா கொடுத்தனுப்பக் கூடாது. சாப்பிட்டு முடித்ததும் தூக்கிப் போடும்படி பொட்டலமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் கூடாது.

முந்தின வருஷம் பிச்சாவரம் போனபோது எவர்சில்வர் டப்பா கீழே விழுந்து, மூன்று அறையில் இருந்ததும் ஒன்றாகக் கலந்துபோய், அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் திரும்பும் பஸ்ஸில் மயங்கி விழுந்திருக்கிறாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் பயந்து அழுதிருக்கிறார்கள். அதனால் இந்த முறை வகுப்பு மிஸ் தனியாகவே போன் செய்தார்.

"அவ கண்டிப்பா சாப்புடற மாதிரி ஏதாவது குடுத்து அனுப்ப முடிஞ்சா அனுப்புங்க மேடம். இல்லன்னா இந்த வாட்டி வேணாங்க. என்னால பொறுப்பேத்துக்க முடியாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் யாழினியிடம், "நீ போக வேணாம் கண்ணு, நம்ம அப்பறமா போலாம்" என்றேன். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். துணி எடுக்க மாடியிலிருந்து இறங்கி வந்த அக்கா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"உனக்குப் போவணுமா?"

"போவணும்."

"அங்க சாப்புடணுமே?"

"பொட்டலம் வேணாம்."

"சரி. பொட்டலத்துல என்னா வேணாம்? ஒண்ணொண்ணா சொல்லு, கேட்டுக்கறேன்."

அன்று சாயங்காலம் முழுக்க அக்கா பீன்ஸ் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன். என் மகள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. வாழை இலையில் சூடாக வைத்தால் பச்சை வாசம் வருகிறது. செய்தித்தாளில் மை வாசம். சில்வர் தாளில் கட்டினால் உள்ளே தண்ணீர் தண்ணீராக இருக்கிறது.

"இட்லி அழுவுது பெரிம்மா" என்றாள். "தொறந்தா அழுதுகிட்டு இருக்குது. அத எப்படி சாப்புடறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. "ஆமாம், சூட்டோட மூடுனா வேர்க்கும்தான்" என்றார். "அழாம இருந்தா சாப்புடுவியா?"

யாழினி யோசித்தாள். "பாத்துட்டு சொல்றேன்."

"சரி, பாத்துட்டு சொல்லு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஒரு சோதனை நடந்தது. பேக்கரியில் காலி ஸ்வீட் பெட்டி ஒன்று வாங்கி, வேறொரு அட்டையைக் கீறி உள்ளே மூன்று அறையாகத் தடுத்தார் அக்கா. குட்டி இட்லிகளை மின்விசிறிக்குக் கீழே நன்றாக ஆறவைத்து, துவைத்துக் காயவைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றி ஒரு அறையில். உப்பு மட்டும் போட்டு வறுத்த உருளைக்கிழங்கு இன்னொன்றில். மூன்றாவதில் பொரி. காலையில் மூடியதை மதியம் திறந்தோம். யாழினி குனிந்து மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இட்லி அழல. ஆனா மைசூர்பாகு வாசன வருது."

நான் தலையில் கைவைத்தேன். அக்கா பெட்டியை மூடி ஓரமாக வைத்தார். "அப்ப பெட்டிய மாத்தணும்."

பெட்டி நான் வேலை பார்த்த இடத்திலேயே இருந்தது. எங்கள் யூனிட்டில் சின்னப் பீங்கான் பொம்மைகளை அடைத்து அனுப்பும் அட்டைப்பெட்டி. புதிதாக மடித்து அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றை முதலாளியிடம் கேட்டு எடுத்து வந்தேன். மறு சோதனையில் யாழினி மோந்து பார்த்தாள். ஒரு இட்லியை எடுத்து, துணி ஒட்டியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, கடித்தாள். பிறகு இன்னொன்று. நான் "நல்லா இருக்குதா?" என்று கேட்கப் போனேன். அக்கா கண்ணாலேயே என்னைத் தடுத்தார். மூன்றுபேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பயணத்துக்கு முந்தின சாயங்காலம் எனக்கு ஒரு யோசனை. பொரிக்கு அடியில் ஒரு அவித்த முட்டையை வைத்துவிடலாம், பசியில் தெரியாமல் தின்றாலும் தின்பாள் என்று முட்டையோடு மாடிக்குப் போய்ச் சொன்னேன். அக்கா அதுவரை எனக்குக் காட்டாத ஒரு முகத்தோடு திரும்பினார்.

"அது மட்டும் வேணாம்மா. அடியில மறைச்சு வச்சது ஒரு தடவ கைல பட்டுச்சுன்னா, அப்பறம் எந்தப் பொட்டலத்தயும் நம்பமாட்டா."

"பசி தாங்கமாட்டாளேக்கா."

அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு சொன்னார்.

"எனக்கு மீனு ஆவாது. சின்னப்புள்ளையிலேருந்தே. கட்டிக்கிட்டு வந்த புதுசுல, மாமியாரு வூட்ல எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடறோம். வேணாம்னேன். ஒருத்தரும் கேக்கல. மாமியாரு சோத்துல மீன வச்சு உருண்ட புடிச்சு வாயில வச்சுட்டாங்க. ஆசையாத்தான் வச்சாங்க, கெட்ட எண்ணமில்ல. எல்லாரும் சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே முழுங்கிட்டேன்." கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "அந்த உருண்ட இங்கயேதாம்மா நிக்குது."

நான் முட்டையைத் திரும்ப எடுத்துப் போனேன்.

மறுநாள் விடியற்காலையில் அக்கா எங்கள் சமையலறைக்கு வந்து, இட்லிகளை நான் துணியில் சுற்றுவதை நின்று பார்த்தார். யாழினியே மூடியை மூடி, நூல் கட்டினாள். பஸ் கிளம்பியது. அன்று யூனிட்டில் நான் போட்ட பில்கள் எப்படிப் போயினவோ தெரியாது. மதியம் தாண்டியதும் மிஸ் போன் செய்துவிடுவாரோ என்று செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வரவில்லை.

சாயங்காலம் பள்ளி வாசலில் பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கினாள். கையில் பெட்டி இல்லை. மிஸ் என்னைப் பார்த்துச் சிரித்து, "எல்லாத்தயும் முடிச்சுட்டா மேடம். மரத்தடியில தனியா ஒக்காந்து, ஒவ்வொண்ணா" என்றார். யாழினி, "பக்கத்துல இருந்த பொண்ணுக்குப் பொரி வேணுமான்னு கேட்டேன். வேணாம்னா. சரின்னு நானே தின்னுட்டேன்" என்றாள்.

மாடிக்கு ஓடினோம். நான் சொல்வதற்குள் அக்கா யாழினியைப் பிடித்து நிறுத்தி, "கோபுரம் எவ்ளோ ஒசரம் இருந்துச்சு? ஏரியில தண்ணி இருந்துச்சா?" என்று கேட்டார். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாழினி கையை விரித்து விரித்து ஏரியைக் காட்டிக்கொண்டிருந்தாள். பசி மயக்கம் இல்லாத பிள்ளை எப்படிப் பேசும் என்று அன்றுதான் கேட்டேன்.

இதோடு நிறுத்திக்கொண்டால் அக்காவைப் பற்றிப் பாதிதான் சொன்னவளாவேன்.

அடுத்த வருஷம் அவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். சவுதியில் அவர் கணவரோடு ஒரே அறையில் இருந்தவரின் மகன். நெய்வேலிப் பக்கம் வீடு. பெண்ணும் முதலில் தலையாட்டியிருக்கிறாள். நிச்சயத்துக்குச் சமையல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. அந்த வாரத்தில் ஒரு நாள் அவள் அம்மாவிடம் வந்து, "எனக்கு இது வேணாம்மா" என்றாள்.

"யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"சரி" என்றார் அக்கா. பர்தாவை மாட்டிக்கொண்டு கீழே வந்து, "கூட வரியாம்மா? தனியாப் போவ ஒரு மாதிரி இருக்குது" என்று என்னைக் கேட்டார். போனில் சொல்லிவிடலாமே என்றேன். "நேர்ல வந்து பொண்ணு கேட்டவங்களுக்கு நேர்லதான் சொல்லணும்" என்றார்.

பஸ் பிடித்துப் போனோம். மாப்பிள்ளையின் அம்மா வாய் நிறைய வரவேற்று, டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்த பிறகுதான் அக்காவால் பேச முடிந்தது. கேட்டதும் அந்த அம்மாவின் முகம் சுருங்கியது.

"என்னா காரணம்? எம் புள்ளைகிட்ட என்னா கொறை?"

"ஒரு கொறையும் இல்லைங்க. எம் பொண்ணு வேணாங்குது. அதாங்க காரணம்."

"அது சின்னப்புள்ள. பெத்தவ நீங்க எடுத்துச் சொல்லமாட்டீங்களா? ஒரு தடவ கேட்டீங்க, வேணாம்னுச்சு, பையத் தூக்கிக்கிட்டு வந்துட்டீங்களா?"

"ஆமாங்க."

அதன் பிறகு அந்த அம்மா பேசியதையெல்லாம் எழுத வேண்டாம். அக்கா அத்தனையையும் கேட்டுக்கொண்டே, கையில் இருந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். எழுந்து போய் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினார். திரும்பும் பஸ்ஸில் விருத்தாசலம் வரும்வரை ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார்.

அந்தப் பெண் பிறகு பி.எட். முடித்தாள், சில வருஷம் கழித்து மனசுக்குப் பிடித்த இடத்தில் கட்டிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? தெருவில் அக்காவைத் திமிர் பிடித்தவர் என்றார்கள். சவுதியிலிருந்து கணவர் ஒரே ஒரு தடவை போன் செய்து கத்தினார், அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். கூட இருந்த கூட்டாளியின் முகத்தில் விழிக்க முடியாமல் அறையையே மாற்றிக்கொண்டாராம். அக்கா என்னிடம், "பேச வேணாம்னு இருக்காரு. பேசணும்னு தோணும்போது பேசுவாரு" என்றார். அக்காவாக ஒரு தடவையும் அவரை அழைக்கவில்லை. எனக்கே அது என்னவோ போல் இருந்தது.

சில மாதம் கழித்து அக்காவின் கணவர் லீவில் வந்தார். பெண்ணைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அறைக்குள்ளேயே இருந்தாள். வந்த அன்று அக்கா, "சாப்புடறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "வேணாம்" என்றிருக்கிறார். "சரி" என்று தட்டை மூடி வைத்துவிட்டார் அக்கா. மறுநாளும் அப்படியே. அவர் படியிறங்கி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹோட்டலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். மேலே தினமும் சமையல் நடந்தது, தினமும் ஒரு தட்டு மூடியிருந்தது.

ஒரு நாள் என் கணவர் அவரை எங்கள் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் முறுக்குத் தட்டை நீட்டினேன். "வேணாம் தங்கச்சி" என்றார். "அட, எடுத்துக்குங்க பாய். நம்ம வூட்ல செஞ்சது" என்று என் கணவர் தட்டை அவர் பக்கம் தள்ளினார். எடுத்துக்கொண்டார். ஒன்றைத் தின்றார், இன்னொன்றையும் தின்றார். பிறகு, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"பாத்தியா தங்கச்சி, ரெண்டாவது தரம் ஒரு வார்த்த. அவ்ளோதான். நான் வந்து இத்தன நாளாச்சு. கோவத்துல வேணாங்கறேன். ‘அட சாப்புடுங்க’ன்னு ஒரு தடவ சொல்லியிருப்பாளா? நான் சாப்டா என்னா, சாப்புடாட்டி என்னான்னு ஆயிடுச்சு அவளுக்கு."

அவர் வெளியே போனதும் நான் மேலே போனேன். அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தார். கேட்டதை அப்படியே சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேணாம்னாரேம்மா?"

"சில பேரு வேணாங்கறதே இன்னொரு தரம் கேக்கணும்னுதான்கா."

"அப்ப நெசமா வேணாங்கறவங்க எப்புடிச் சொல்லுவாங்க?"

அவர் அப்படியே நின்றார். அவர் வாழ்க்கை முழுக்க மரியாதை என்று நினைத்துச் செய்துவந்த ஒன்று, தன் வீட்டிலேயே ஒருவருக்கு அலட்சியமாகத் தெரிந்திருக்கிறது. அந்த அதிர்ச்சி முகத்தில் அப்படியே இருந்தது. "நான் மதிக்கலன்னா நெனச்சாரு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவர் கணவர் படியேறி வந்தார். நான் சமையலறையிலேயே ஒதுங்கி நின்றேன். அக்கா தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

"சாப்புடறீங்களா?"

"வேணாம்."

அக்கா பழக்கத்தில் திரும்பிவிட்டார். இரண்டடி வந்தவர் நின்றார். புது பாஷை பேசப் போகிறவர் மாதிரி உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டு மறுபடி கணவர் முன்னால் போனார்.

"சாப்புடுங்களேன்" என்றார். "உங்களுக்குன்னுதான் ஆக்கனேன். தெனமும் உங்களுக்குன்னுதான் ஆக்கறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டித் தட்டை வாங்கிக் கீழே வைத்துக்கொண்டார். உடனே சாப்பிடவில்லை.

"அவ சாப்ட்டாளா?" என்றார். வந்ததிலிருந்து மகளைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"இன்னும் இல்ல."

"வரச் சொல்லு."

அக்கா அறைக் கதவுக்குப் போனார். "அத்தா கூப்புடறாங்க. சாப்புட வரியா?"

உள்ளேயிருந்து, "எனக்கு வேணாம்மா" என்று குரல் வந்தது.

அக்கா கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிக் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவில் நெற்றி படும் அளவுக்கு நெருங்கி நின்று, மெதுவாகக் கேட்டார்.

"நெசமாவே வேணாமா, இல்ல இன்னொரு தரம் கேக்கணுமா?"

உள்ளே ஒரு விம்மல் கேட்டது. விம்மல் பாதியிலேயே சிரிப்பாக மாறியது. தாழ்ப்பாள் விலகியது.